கல்லூரி மேடைக்கு யார் காவல்?

நாட்டின் பல்கலைக்கழகங்களில் நாடகத் துறைகளும் நடனத் துறைகளும் அரங்கேற்றப் பருவத்துக்கு ஆயத்தமாகும் காலம் இது. முதல் பருவம் முழுவதும் மூடிய வகுப்பறைக்குள் நடந்த உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும் இனி முழு நாடகங்களாக உருப்பெறும். டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை, கொல்கத்தாவின் ரவீந்திர பாரதியிலும், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்திலும், பரோடாவிலும், திருச்சூர் நாடகப் பள்ளியிலும், புனேயின் லலித் கலா கேந்திரத்திலும் மாணவர்கள் ஒத்திகை முடித்து நள்ளிரவில் விடுதிக்குத் திரும்புவார்கள். தில்லிக் கல்லூரிகளின் நாடகக் குழுக்கள் தோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வளாகம் வளாகமாக வீதி நாடகம் நிகழ்த்தும். இடையில் மார்ச் 27 உலக நாடக நாள் வரும். சப்தர் ஹாஷ்மியின் பிறந்த நாளான ஏப்ரல் 12, தேசிய வீதி நாடக நாளாகக் கடைப்பிடிக்கப்படும்.

இந்த நிகழ்ச்சிகளின் சுவரொட்டியைக் காண்பவர்கள் அதைக் கேளிக்கை என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். நாடகம் பயிலும் மாணவருக்கோ அதுவே தேர்வு. இயற்பியல் மாணவர் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்கு நிற்பது போல நாடக மாணவர் மேடையில் தேர்வுக்கு நிற்கிறார். வேறுபாடு ஒன்றுதான். ஆய்வகத்தின் கதவைச் சாத்திவிட்டுத் தேர்வை நடத்தலாம். மேடைத் தேர்வுக்குப் பார்வையாளர் வேண்டும். அவருடைய சிரிப்பும் அமைதியும் அமைதியின்மையும் சேர்ந்தே நடிகருக்குப் பாடம் சொல்கின்றன. ஆகவே அந்த இருக்கைகளில் யார் அமர்கிறார்கள் என்ற கேள்வி கல்வி சார்ந்த கேள்வியாக இருப்பதோடு, இன்றைய இந்தியாவில் அரசியல் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இரண்டு மாதங்களில் மூன்று மேடைகள்

2024 பிப்ரவரி 2 அன்று சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் லலித் கலா கேந்திரத்தில் மாணவர்கள் ‘ஜப் வி மெட்’ என்ற நாடகத்தை நிகழ்த்தினர். அது தேர்வுக்குரிய அரங்கேற்றங்களில் ஒன்று. ராம்லீலாவில் வேடம் கட்டும் நடிகர்கள் மேடைக்குப் பின்னால் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்படிச் சச்சரவிட்டுக்கொள்கிறார்கள் என்பதே அதன் கரு. சீதை வேடம் பூண்ட ஆண் நடிகர் ஒருவர் புகைபிடிக்கும் காட்சி அதில் வந்தது. ஆர்எஸ்எஸ்-சின் மாணவர் அமைப்பான ஏபிவிபியைச் சேர்ந்தவர்கள் நாடகத்தை இடையில் நிறுத்தினர், மாணவர்களோடு மோதினர், பிறகு காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தனர். மறுநாள் கைதானவர்கள் துறைத்தலைவரும் ஐந்து மாணவர்களும். மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு அவர்கள் மீது பாய்ந்தது. நீதிமன்றம் பிணை வழங்கியது. அதே நாளில் கும்பலொன்று துறையின் வளாகத்துக்குள் புகுந்து பொருள்களை உடைத்தது.

மார்ச் 29 அன்று புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறையின் ஆண்டு விழாவான ‘எழினி’யில் ‘சோமாயணம்’ என்ற நாடகம் நடந்தது. இராமாயணப் பாத்திரங்களை இழிவுபடுத்தியதாக ஏபிவிபி குற்றஞ்சாட்டியது. நிர்வாகம் விசாரணைக் குழு அமைத்தது. விசாரணை முடியும்வரை துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. காவல்துறையும் வழக்குப் பதிவு செய்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கி, இந்திரா பார்த்தசாரதி தலைமையில் 1980களின் இறுதியில் தொடங்கப்பட்ட நாடகப் பள்ளியின் வழிவந்த துறை அது.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 31 அன்று, மும்பை ஐஐடியின் நிகழ்கலை விழாவில் ‘ராஹோவன்’ என்ற நாடகம் மேடையேறியது. இராமாயணத்தைப் பெண்ணின் பக்கமிருந்து பார்க்க முயன்ற நாடகம் என்று அதை நிகழ்த்தியவர்கள் கருதினர். புகார் வந்ததும் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. ஜூன் மாதம் மாணவர்கள் சிலருக்குத் தலைக்கு 1.2 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு பருவக் கட்டணத்துக்கு நிகரான தொகை அது.

இவை திடீரென முளைத்தவை என்று சொல்வதற்கில்லை. 2011இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏ.கே. ராமானுஜனின் ‘முந்நூறு இராமாயணங்கள்’ கட்டுரையை வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2016 செப்டம்பரில், மகாசுவேதா தேவி மறைந்த சில வாரங்களுக்குள், அவருக்கு அஞ்சலியாக ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவரது ‘திரௌபதி’ கதை நாடகமாக்கப்பட்டது. ராணுவத்தை அவமதித்துவிட்டார்கள் என்று கூக்குரல் எழுந்தது. ஆசிரியர்கள் விசாரணைக்கு ஆளாயினர். ஒரு கட்டுரையில் தொடங்கிய வேட்டை மேடைக்கு வந்து, பின்பு நடிகரின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

புனேயும் புலேயும்

புனே பல்கலைக்கழகம் தாங்கியிருக்கும் பெயர் சாவித்ரிபாயுடையது. அவருடைய துணைவர் மகாத்மா ஜோதிராவ் புலே 1855இல் ‘திருதீய ரத்னா’ என்றொரு நாடகம் எழுதினார். ஏழைக் குடியானவக் குடும்பம் ஒன்றைப் புரோகிதர் அச்சுறுத்திச் சுரண்டுவதும், இறுதியில் அந்தக் கணவனும் மனைவியும் எழுத்தறிவு தேடிப் பள்ளிக்குச் செல்ல முடிவெடுப்பதும் அதன் கதை. தட்சிணை பரிசுக் குழுவுக்கு அதை அனுப்பினார் புலே. குழுவில் இருந்த பிராமண உறுப்பினர்களின் எதிர்ப்பால் அது நிராகரிக்கப்பட்டது. ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பின், சாவித்ரிபாயின் பெயரிலேயே இயங்கும் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியரையும் மாணவர்களையும் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள்.

அதே புனேயில்தான் 1972 டிசம்பரில் விஜய் டெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ அரங்கேறியது. எதிர்ப்பு வலுத்ததும் அதை மேடையேற்றிய பழைய குழு பத்தொன்பது காட்சிகளோடு நிறுத்திக்கொண்டது. நாடகத்தைக் கைவிட மனமில்லாத இளம் கலைஞர்கள் 1973இல் தியேட்டர் அகாதெமி என்ற புதுக் குழுவைக் கட்டி, அதை நாடு முழுவதும் கொண்டு சென்றார்கள். நாடகம் பிழைத்ததற்கு நீதிமன்றமோ அரசோ காரணமில்லை. விடாப்பிடியான கலைஞர்களும், சீட்டு வாங்கி வந்து அமர்ந்த பார்வையாளர்களுமே அதைக் காத்தார்கள்.

நம்பிக்கைக்கு நேர்ந்த இழிவா?

இங்கே தோழர்களுக்கிடையே எழும் ஒரு தயக்கத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் இறைநம்பிக்கை உடையவர்கள். இராமகதையைத் தொட்டு வகுப்புவாதிகளுக்கு ஏன் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும், கைகளில் வேறு பிரச்சனைகளே இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. மக்களின் நம்பிக்கையை எள்ளுவது இடதுசாரிகளின் அரசியலாக ஒருபோதும் இருந்ததில்லை.

எனினும் ராம்லீலாவைப் பற்றி மக்களுக்கே தெரிந்த செய்தி ஒன்று உண்டு. காசிக்கு அருகே ராம்நகரில் ஒரு மாத காலம் நடக்கும் ராம்லீலாவில் இராமனாகவும் சீதையாகவும் குரல் உடையாத சிறுவர்களே வேடம் கட்டுகிறார்கள். கிரீடம் சூட்டிய பிறகு அவர்களை மக்கள் தெய்வமாக வணங்குவர். வேடம் கலைந்தால் அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். வடநாட்டுச் சிற்றூர்களின் ராம்லீலாக்களில் சீதையாக நிற்பவர் பெரும்பாலும் அந்த ஊரின் இளைஞர். ஒப்பனை அறையில் அவர் தேநீர் குடிப்பார், பீடியும் பற்றவைப்பார். அதைக் கண்ட பக்தர் எவருடைய பக்தியும் குலைந்ததாக வரலாறு இல்லை. கேரளத்தின் கூடியாட்டத்தில் விதூஷகன் எதிரே அமர்ந்திருப்பவர்களையும் விட்டுவைக்காமல் கேலி செய்வான். தமிழகத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நையாண்டி செய்துவிட்டுத்தான் சபைக்கு அழைத்து வருவான். வேடத்துக்கும் வேடதாரிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துச் சிரிக்க இந்த நாட்டு உழவருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

புனே மாணவர்கள் அந்தத் தூரத்தைத்தான் நாடகமாக்கினார்கள். அதைத் தெய்வ நிந்தனை என்று அறிவித்தவர்கள் பாதுகாக்க முனைவது பக்தரின் நம்பிக்கையை அன்று. பலநூறு வாய்களில் பலநூறு விதமாக வாழும் ஒரு கதைக்கு ஒரே உரிமையாளராகத் தங்களைப் பதிவு செய்துகொள்வதே அவர்களது நோக்கம். நாளை ராம்லீலா நடத்தும் கிராமக் குழுவே அந்த உரிமையாளரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிவரும். ஆக, மாணவர் மேடைக்கு ஆதரவாக நிற்பது நம்பிக்கையுள்ள மக்களுக்கு எதிராக நிற்பதாகாது.

மாணவர்களின் நாடகம் நன்றாக அமையாமலும் போகலாம். நகைச்சுவை தடுமாறலாம், ரசனை குறையலாம், அரசியல் மேம்போக்காக இருக்கலாம். அப்படிப்பட்ட நாடகத்துக்கு மதிப்பெண் குறைக்க ஆசிரியர் இருக்கிறார். நாடகம் முடிந்தபின் எழுந்து நின்று மறுப்புச் சொல்லப் பார்வையாளருக்கு உரிமை இருக்கிறது. தவறு செய்து கற்பதற்கென்றே உள்ள இடம் கல்லூரி. அங்கே செய்த தவறுக்குச் சிறைவாசல் காட்டப்படுமானால், கற்பித்தலே முடங்கிவிடும்.

போன சட்டமும் போகாத தணிக்கையும்

இந்த நாட்டில் மேடையைக் கண்டு ஆட்சி அஞ்சியது புதிதில்லை. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சொன்ன தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ 1872இல் கல்கத்தாவில் மேடையேறியது. நான்கு ஆண்டுகளில், அரசகுடும்பத்து வருகையையும் அதை வரவேற்ற துதிபாடிகளையும் கேலி செய்த நாடகங்கள் வந்தன. 1876இல் வெள்ளை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவதூறானது, அரசின் மீது வெறுப்பை வளர்ப்பது என்று அதிகாரி கருதினாலே போதும், நாடகத்தைத் தடைசெய்யலாம்.

வெள்ளையர் போனார்கள், சட்டம் தங்கிவிட்டது. 1953இல் லக்னோவில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையை இப்டா கலைஞர்கள் நாடகமாக்கியபோது அதே சட்டம் அவர்கள் மீது ஏவப்பட்டது. தன் பாட்டியின் கை சுடாமலிருக்க இடுக்கி வாங்கிவரும் ஏழைச் சிறுவனின் கதை அது. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 1956இல் அச்சட்டத்தின் தடைப் பிரிவுகள் அரசமைப்புக்கு விரோதமானவை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் அதன் தணிக்கைப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. ஒன்றிய அரசின் 1876 சட்டமோ 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ரத்துச் சட்டம் ஒன்றின் வாயிலாகச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட்டது. காலாவதியான காலனியச் சட்டங்களை ஒழித்துவிட்டோம் என்று மோடி அரசு மார்தட்டிக்கொண்டது.

சட்டம் போனது, அது செய்த வேலை போகவில்லை. அன்று மாவட்ட நீதிபதி பார்த்த வேலையை இன்று கும்பல் தொடங்கிவைக்கிறது, காவல்துறை தொடர்கிறது, துணைவேந்தர் முடித்துவைக்கிறார். பழைய சட்டத்தின் கீழ் தடையாணை எழுத்தில் வரும். அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். இப்போதைய தடைக்கு ஆணையே கிடையாது. 295ஏ பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு வந்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தும் செயல் மட்டுமே இப்பிரிவுக்குள் வரும் என்று 1957லேயே உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு ஆயம் வரையறுத்தது. தேர்வு எழுதும் மாணவரிடம் அத்தகைய நோக்கத்தை எந்த நீதிமன்றமும் எளிதில் காண முடியாது. ஆனால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க எவருக்குப் பொறுமை இருக்கிறது? கைது, பிணை, வாய்தா, துறைசார் விசாரணை, நிறுத்திவைக்கப்பட்ட மதிப்பெண் பட்டியல் ஆகியவையே தண்டனையாகிவிடுகின்றன.

இதன் விளைவைச் செய்தித்தாள் சொல்லாது. எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று ஆசிரியர்கள் கூடும் அறையில் அது தெரியும். ‘இதை இந்த ஆண்டு வேண்டாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் ஒரு பிரதி அலமாரிக்குத் திரும்பும். தாக்கப்பட்ட நாடகங்களைக் கணக்கிடலாம். தேர்ந்தெடுக்கப்படாமலே போன நாடகங்களை யாரும் கணக்கிட முடியாது.

ஆட வருபவர் யார்?

நடனத் துறைகளின் கதையும் இதனோடு இணைந்ததே. நாட்டியத்தைச் சாதியின் வேலிக்குள்ளும், மேனி நிறத்தின் அளவுகோலுக்குள்ளும் அடைக்கும் மனப்பான்மை இன்னும் மடியவில்லை. 2024 மார்ச்சில் கேரளத்தில் தலித் நடனக் கலைஞர் ஒருவரைக் குறிவைத்து, கறுத்த ஆண்கள் மோகினியாட்டம் ஆடலாகாது என்ற பொருள்படும் பேச்சு எழுந்தது. நாடே முகம் சுளித்தது. அதற்குக் கலாமண்டலம் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. வள்ளத்தோள் 1930இல் நிறுவிய அந்தக் கலைக்கூடம், தாக்கப்பட்ட கலைஞரையே தன் மேடைக்கு ஆட அழைத்தது. அதே மாதத்தில், அதுவரை மாணவியருக்கு மட்டுமே உரியதாயிருந்த மோகினியாட்டப் படிப்பை மாணவர்களுக்கும் திறந்துவிட முடிவெடுத்தது. பெண்களுக்குக் கதகளிப் படிப்பின் கதவு 2021இல் திறந்திருந்தது.

ஒரே மாதத்தில் ஒரு நிறுவனம் தன் கலைஞரின் பக்கம் நின்றது. வேறு சில நிறுவனங்கள் தங்கள் மாணவரைக் கைகழுவின. நிர்வாகம் நினைத்தால் மேடையை அகலப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிர்வாகத்தை அப்படி நினைக்கவைக்கும் சமூக வலிமை சூழ இருக்கிறதா என்பதே கேள்வி.

நாடகத் துறைகளுக்கும் நடனத் துறைகளுக்கும் வரும் மாணவரில் பலர் சிற்றூர்ப் பிள்ளைகள். கூத்துக் குடும்பங்களிலிருந்தும் தமாஷாக் குடும்பங்களிலிருந்தும் ஜாத்ராக் குழுக்களிலிருந்தும் வருபவர்கள் அவர்களில் உண்டு. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கட்ட இயலாத கட்டணத்தால் தள்ளப்பட்டவர்களும் உண்டு. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே பல துறைகள் ஒப்பேற்றப்படுகின்றன. ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் கையேந்த வேண்டிய ஆசிரியர், சர்ச்சைக்குரிய நாடகத்துக்குத் துணைநிற்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலைகளைக் கல்வியோடு இணைப்பது பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. கலை கற்பிப்பவருக்குப் பணிப் பாதுகாப்பு தராத அரசின் வாயில் அச்சொற்கள் வெற்றொலியே. கருத்துச் சுதந்திரமும் பணிப் பாதுகாப்பும் இரு வேறு கோரிக்கைகள் அல்ல என்பதைக் கல்லூரி மேடை தெளிவாகக் காட்டுகிறது.

வளாகத்திலிருந்து ஆலை வாயிலுக்கு

கல்லூரி மேடையை ஆளும் வர்க்கங்கள் ஏன் இவ்வளவு கூர்ந்து கவனிக்கின்றன? இடதுசாரிக் கலை இயக்கத்தின் வரலாறு பதில் சொல்லும். 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா உருவானபோதும், 1944இல் வங்கப் பஞ்சத்தைச் சொன்ன பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நவான்னம்’ மேடையேறியபோதும், அந்த மேடைகளை நிறைத்தவர்களில் பெரும்பகுதியினர் இளைஞர்கள். இப்டாவின் மத்தியக் குழு சாந்தி பர்தனின் நடன அமைப்பில் நாட்டிய நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்று, பட்டினியால் வாடிய வங்கத்துக்கு நிதி திரட்டியது. எர்ணாகுளத்துச் சட்டக் கல்லூரி மாணவர்களின் முன்முயற்சியில் பிறந்தது கேபிஏசி. அது 1952 டிசம்பரில் அரங்கேற்றிய தோப்பில் பாசியின் ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்ற நாடகம் கேரள அரசியலின் திசையையே மாற்றிய கலைப் படைப்புகளில் ஒன்று. காங்கிரஸ் ஆட்சி உத்பல் தத்தைச் சிறையில் அடைத்த 1965இல்தான், 1946 கடற்படைக் கிளர்ச்சியைச் சொன்ன அவரது ‘கல்லோல்’ கல்கத்தாவின் மினர்வா அரங்கை நிறைத்தது.

தில்லியின் ஜன நாட்டிய மஞ்ச், 1973இல் மாணவர் இயக்கத்தின் மடியில் உருவான குழு. காஜியாபாத்தில் ஆலையொன்றின் தொழிலாளர்கள் கேட்டவை இரண்டே: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், தேநீர் அருந்த ஓர் இடம். அதற்குப் பரிசாக ஆலைக் காவலரின் குண்டுகளுக்கு ஆறு தொழிலாளர்கள் பலியாயினர். அச்செய்தியிலிருந்து 1978இல் ‘மெஷின்’ என்ற வீதி நாடகம் பிறந்தது. ஓடும் நேரம் பதின்மூன்று நிமிடம் அளவே. மேடையும் இல்லை, திரையும் இல்லை. நடிகர்களின் உடல்களே இயந்திரமாயின. வளாகத்தில் பயின்ற கை ஆலை வாயிலைத் தொட்டது.

1989 ஜனவரி 1 அன்று சாகிபாபாத்தின் ஜண்டாப்பூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருக்கையில் குண்டர்கள் தாக்கினர். ராம் பகதூர் என்ற தொழிலாளி அங்கேயே கொல்லப்பட்டார். படுகாயமுற்ற சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர்நீத்தார். அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று மலையஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பி, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தனர். அவரது துணிவு பல முறை எழுதப்பட்டுவிட்டது. அதே அளவு நினைக்கத்தக்கது அன்று அங்கே திரண்ட கூட்டம். மூன்று நாள் முன்பு ரத்தம் சிந்திய தெருவில் ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்கள் வந்து நின்றார்கள். அத்தகைய கூட்டத்துக்கு நடுவே நடக்கும் நாடகத்தின் மீது கைவைக்க எந்தக் குண்டருக்கும் துணிவு வராது.

காலி இருக்கைகள்

இங்குதான் இடதுசாரி இயக்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இருக்கிறது. ஒரு பல்கலைக்கழக நாடகத் துறையின் தேர்வு அரங்கேற்றத்துக்கு யார் வருகிறார்கள்? வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள், சில பெற்றோர். பின்வரிசைகள் வெறுமையாய்க் கிடக்கும். அந்த வெறுமைக்குள்தான் குழப்பம் விளைவிக்க வருபவர்கள் நுழைகிறார்கள். நாடகம் நின்ற மறுநாள் கண்டன அறிக்கை வெளியாகிறது; ஆர்ப்பாட்டம் நடக்கிறது. இரண்டும் தேவை. ஆனால் தாக்குதலுக்கு முந்தைய மாலையில் அந்தப் பின்வரிசையில் ஐம்பது தொழிலாளர்களும் வாலிபர்களும் மாதர்களும் அமர்ந்திருந்தால் மறுநாள் அறிக்கைக்கே அவசியம் எழாமல் போகலாம்.

கட்சிக்குள்ளும் கலைபற்றிய ஒரு பழக்கம் உண்டு. பொதுக்கூட்டத்தில் தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கப் பாட்டும் நாடகமும் வேண்டும். தலைவரின் வண்டி வந்ததும் நாடகம் பாதியில் முடிக்கப்படும். கலைக்குழுவினர் ஒலிபெருக்கிக்காரருக்குப் பிறகு சாப்பிட அமர்வார்கள். மேடையைக் கூட்டம் சேர்க்கும் கருவியாக மட்டும் காணும் கண்ணுக்கு, கல்லூரி மாணவரின் ஒரு மணி நேர அரங்கேற்றம் அரசியல் பணியாகத் தெரியாதது வியப்பில்லை. எதிரியின் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிகிறது.

ஆகவே இந்தப் பருவத்தில் செய்யக்கூடியவை சில. நாடக, நடனத் துறைகள் உள்ள ஊர்களில் மாவட்டக் குழுக்களும் வெகுஜன அமைப்புகளும் அரங்கேற்ற நாட்களை முன்கூட்டியே கேட்டறிந்து, கிளைத் தோழர்களைக் குடும்பத்தோடு அழைத்துச் செல்லலாம். கொடியும் முழக்கமும் வேண்டாம். பார்வையாளராக அமர்ந்து, முடிந்தபின் மாணவரோடு உரையாடினாலே போதும். நாடகம் பிடிக்காவிட்டால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லலாம். அந்த நேர்மையை மாணவர் மதிப்பார். நல்ல நாடகங்களைத் தொழிற்சங்க அரங்குகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அழைத்து, பயணச் செலவும் உணவும் மதிப்பூதியமும் கொடுக்கலாம். புகார் எழுந்த இரவிலேயே காவல் நிலையம் செல்லக்கூடிய வழக்கறிஞர்களின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தயாராக இருக்க வேண்டும். மராத்தியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் குவிந்துள்ள முற்போக்கு நாடகங்கள் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டு, மலிவுப் பதிப்பாக மாணவர் கைக்குச் சேர வேண்டும். நல்ல பிரதிக்குத் தவிக்கும் மாணவருக்கு அதைவிடப் பயனுள்ள உதவி அரிது.

சொந்த அரங்குகளும் தேவை. ஜன நாட்டிய மஞ்ச் 2012இல் மேற்கு தில்லியின் ஷாதிகாம்பூரில், ஆதரவாளர்களின் நன்கொடையாலும் உழைப்பாலும் ‘ஸ்டுடியோ சப்தர்’ என்ற சிறு அரங்கை எழுப்பியது. பக்கத்திலேயே ஒரு புத்தகக் கடை. வளாகத்தில் இடம் மறுக்கப்பட்ட நாடகத்துக்கு வெளியே ஒரு கூரை உண்டு என்றால், மறுப்பவரின் அதிகாரம் பாதியாகக் குறையும். நாட்டின் பல ஊர்களில் தொழிற்சங்கங்களுக்குக் கட்டடங்கள் உள்ளன. மாலை வேளைகளில் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் அவற்றில் எத்தனையோ. ஒத்திகைக்கு இடமின்றி மரத்தடியில் நிற்கும் மாணவர்களுக்கு அந்தக் கூடங்களின் சாவியைக் கொடுப்பதில் என்ன தடை?

கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். மாணவர் நாடகத்தின் பிரதியை நிர்வாகம் முன்கூட்டித் தணிக்கை செய்யக் கூடாது. கல்விக்குரிய அரங்கேற்றம் பற்றிய புகாரைத் துறையின் கல்விக் குழுவே முதலில் ஆராய வேண்டும், காவல்துறை அன்று. இடையூறு செய்பவர் மீது நடவடிக்கை வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். அரசுப் பள்ளிகளில் நாடக, நடன ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். பட்டம் பெற்ற மாணவரின் வயிற்றுக்கும் மேடை வழிகாட்ட வேண்டும்.

இவை யாவும் நாளைக்கே நிறைவேறா. இந்த டிசம்பரிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில், விளக்குகள் அணைந்து நாடகம் தொடங்கும் அந்த நொடியில், முதன்முறையாக மேடையேறும் மாணவி திரையின் இடுக்கு வழியே அரங்கைப் பார்ப்பாள். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் தன்னைத் தடுக்க வந்தவர்களா, பார்க்க வந்தவர்களா என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் பார்க்க வந்தவர்களாக இருக்கும்படி செய்வது தோழர்களின் கையில் இருக்கிறது.